தொண்டை வலியும் இதய வால்வும்

மனித இதயம் நிமிடத்திற்குச் சராசரியாக 72 முறை துடிக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்புகள். ஓராண்டில் ஏறக்குறைய 38 மில்லியன் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்திற்குள் நான்கு சிறிய கதவுகள் திறந்து மூடுகின்றன. இவற்றையே வால்வுகள் என்கிறோம். அடைப்பிதழ்கள் என்றும் கூறுவர். மெல்லிய சவ்வால் ஆன இந்தக் கதவுகளுக்கு ஓய்வு நாள் என்று ஒன்றும் இல்லை.

வால்வின் வேலை எளிமையானது. இரத்தத்தை ஒரு திசையில் மட்டும் போகவிட வேண்டும். திரும்பி வர விடக்கூடாது. ஜோர்ஜ்டவுனின் பழைய நகர்ப்பகுதியில் பல தெருக்கள் ஒருவழிச் சாலைகளாக இருக்கின்றன. அந்தக் குறுகிய தெரு ஒன்றில் ஒரே ஒரு வாகனம் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டால் என்ன நேரும் என்பதைப் பினாங்கு வாசிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்னால் உள்ளவை நிற்கும். பின்னால் வருபவை தேங்கும். நெரிசல் அடுத்த தெருவுக்கும் பரவும். இதயத்திலும் இதுதான் நிகழ்கிறது. ஆனால் அங்குத் தேங்குவது இரத்தம். நெரிசல் பரவும் அடுத்த தெரு நுரையீரல்.

இதயத்தின் வலப்பக்கத்தில் மூவிதழ் வால்வும் நுரையீரல் தமனி வால்வும் உள்ளன. இடப்பக்கத்தில் ஈரிதழ் வால்வும் பெருந்தமனி வால்வும் உள்ளன. வலப்பக்கம் இரத்தத்தை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. இடப்பக்கமோ தலைமுதல் கால்விரல்வரை அனுப்ப வேண்டியிருப்பதால் அங்கு அழுத்தம் பன்மடங்கு அதிகம். அதனால்தான் வால்வு நோய்கள் பெரும்பாலும் இடப்பக்க வால்வுகளைத் தாக்குகின்றன.

கதவு கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கீல் இறுகிப்போய் முழுமையாகத் திறக்காமல் நின்றுவிடுவது. இது வால்வுக் குறுக்கம். மற்றொன்று, சரியாகச் சாத்தாமல் இடைவெளி விட்டுவிடுவது. இது வால்வுக் கசிவு. சிலருக்கு ஒரே வால்வில் இரண்டு கோளாறுகளும் சேர்ந்தே இருக்கும். நலமான ஈரிதழ் வால்வு திறக்கும்போது அதன் துளை 4 முதல் 6 சதுர செண்டிமீட்டர் இருக்கும். குறைந்தது நம் 50 சென் நாணயத்தின் பரப்பளவு. நோய் முற்றும்போது அது 1.5 சதுர செண்டிமீட்டராகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடுகிறது. அந்தத் துளை 5 சென் நாணயத்தைவிடவும் சிறியது. உடலுக்குத் தேவையான இரத்தம் முழுவதும் அதன் வழியாகவே போயாக வேண்டும்.

எங்கே தொடங்குகிறது?

வால்வு நோய்க்குக் காரணங்கள் பல. சிலர் பிறக்கும்போதே குறைபாடுள்ள வால்வுடன் பிறக்கின்றனர். பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இரண்டே இதழ்கள் அமைந்துவிடுகின்றன. முதுமையில் வால்வின் மீது சுண்ணச்சத்து படிந்து அது விறைத்துப் போவதும் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு வால்வைத் தாங்கும் தசை பழுதடையலாம். இரத்தத்தில் கலந்த கிருமிகள் வால்விலேயே குடியேறி அதனை அரிக்கலாம். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே கற்கத்தக்கவை. ஆயினும், பள்ளி வயதினரை நேரடியாகத் தொடும் காரணம் வேறு ஒன்று. அது இதயத்தில் தொடங்குவதே இல்லை, தொண்டையில் தொடங்குகிறது.

படிவம் ஒன்றில் பயிலும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். திடீரென்று தொண்டை வலி, எச்சில் விழுங்கவும் முடியவில்லை, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, தொண்டைக்குள் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. ஆனால் இருமல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. வீட்டில் உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள். பாட்டி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். நாலைந்து நாளில் வலி போய்விடும்; பையனும் பள்ளிக்குத் திரும்பிவிடுவான். பெரும்பாலான தொண்டை வலிகள் வைரசுக் கிருமிகளால் வருபவை; அவை இப்படித்தான் தாமே ஆறும். அவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவையும் இல்லை, பயனும் இல்லை. ஆனால் மேலே சொன்ன அறிகுறிகள் சேர்ந்து வந்தால், அது 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். கஷாயம் வலியைத் தணிக்கும். இந்தப் பாக்டீரியாவைக் கொல்லாது.

இந்தப் பாக்டீரியாவை எதிர்க்க உடல் தன் எதிர்ப்புப் பொருள்களை உருவாக்குகிறது. இங்குதான் சிக்கல் எழுகிறது. பாக்டீரியாவின் மேற்புறத்திலுள்ள சில புரதங்கள் மனித இதயத் திசுவின் புரதங்களைப் போலவே தோற்றமளிக்கின்றன. எதிரியைத் தேடிப் புறப்பட்ட படை, ஒரே மாதிரிச் சீருடையைக் கண்டு சொந்த ஊரையே தாக்குவதைப் போல, சிலருடைய உடலில் அந்த எதிர்ப்புச் சக்தி மூட்டுகளையும் மூளையையும் இதயத்தையும் தாக்குகிறது. இதற்கு வாதக் காய்ச்சல் என்று பெயர். தொண்டை வலி வந்துபோன இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகே இது தலைகாட்டுவதால், இரண்டையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. 5 முதல் 15 வயதுக்குட்பட்டோரையே இது பெரிதும் பாதிக்கிறது.

முழங்கால் வீங்கி வலிக்கும். இரண்டு நாளில் அது குறைந்து கணுக்காலுக்கோ முழங்கைக்கோ தாவும். வளர்கின்ற பிள்ளைக்கு வருகின்ற வலி என்று பெரியவர்கள் விட்டுவிடுவதுண்டு. வேறு சில பிள்ளைகளுக்குக் கையும் முகமும் தம்மையறியாமல் அசையத் தொடங்கும், பேனா நழுவும், நேற்றுவரை முத்து முத்தாக இருந்த கையெழுத்து கோணல் மாணலாகிவிடும். இதனைக் கண்ட ஆசிரியர் கவனக்குறைவு என்று கண்டிக்கவும்கூடும். மூட்டு வலி சில வாரங்களில் தடயமின்றி மறைகிறது. கை அசைவும் சில மாதங்களில் நின்றுவிடுகிறது. இதய வால்வில் விழுந்த காயம் மட்டும் மறைவதில்லை. அது தழும்பாகிறது, தழும்பு தடிக்கிறது, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம்.

மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் இந்தக் கிருமி எளிதில் பரவுகிறது. ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகள், காற்றோட்டமில்லாத விடுதிகள், மருத்துவ வசதிக்குத் தொலைவில் உள்ள குடியிருப்புகள் ஆகியவை அதற்கு ஏற்றவை. வீட்டு வசதியும் மருத்துவமும் மேம்பட்ட நாடுகளில் வாதக் காய்ச்சல் அரிதாகிவிட்டது. ஆயினும், வாத இதய நோயுடன் உலகில் இன்றும் 55 மில்லியன் பேர் வாழ்வதாகவும் ஆண்டுதோறும் 3 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அதனால் இறப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 2018-ஆம் ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவை இந்நோயை ஒழிப்பதற்கெனத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது.

இதில் வேதனைக்குரிய செய்தி என்னவென்றால், தொண்டை வலி தொடங்கிய ஒன்பது நாள்களுக்குள் பெனிசிலின் மருந்தைத் தொடங்கிவிட்டால் வாதக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பத்து நாள் மாத்திரை அல்லது ஒரே ஓர் ஊசி போதும். நம் நாட்டு அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்க முடிகிறது. மூன்றாம் நாளே வலி போய்விட்டது என்று மீதி மாத்திரைகளை அலமாரியில் போட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

படி ஏறும்போது தெரியும்

வால்வு நோய் நீண்ட காலம் ஓசையின்றி இருக்கும். இதயம் கூடுதலாக உழைத்துக் குறையை ஈடுகட்டிக்கொண்டே வரும். அதனால் நோயாளிக்குத் தாம் நலமாக இருப்பதாகவே தோன்றும். முதலில் வெளிப்படுவது மூச்சிரைப்பு. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் ஆலயத்திற்கு 513 படிகள் ஏற வேண்டும். சென்ற ஆண்டு இருமுறை நின்று ஏறியவர் இவ்வாண்டு பத்து முறை நிற்க வேண்டியிருந்தால், அதனை வயதின் மேல் பழிபோட்டுவிட்டுப் போவது சரியன்று. பிறகு சமதரையில் நடந்தாலே இரைக்கும். படுத்தால் மூச்சு முட்டுவதால் இரண்டு, மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உறங்க வேண்டிவரும். கணுக்கால் வீங்கும். நெஞ்சு படபடக்கும். பெருந்தமனி வால்வு குறுகியவர்களுக்கு உழைக்கும்போது நெஞ்சு வலியும் மயக்கமும் வரலாம். இவ்வறிகுறிகள் தோன்றியபின் காலம் தாழ்த்துவது உயிருக்கே ஆபத்து.

இளம்பெண்கள் பலருக்கு நோய் இருப்பது தெரியவருவதே கருவுற்ற பின்னர்தான். கருவுற்ற காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. குறுகிப்போன ஈரிதழ் வால்வால் அந்தக் கூடுதல் இரத்தத்தை அனுப்ப முடிவதில்லை; நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. பன்னிரண்டு வயதில் வந்துபோன தொண்டை வலியின் விளைவை இருபத்தைந்து வயதில், அதுவும் இன்னோர் உயிரைச் சுமக்கும் வேளையில், எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. ஈரிதழ் வால்வு குறுகும்போது அதற்கு மேலுள்ள அறை வீங்கி, ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்குகிறது. அங்குத் தேங்கும் இரத்தம் கட்டியாகி, மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் ஏற்படும்.

கேட்டும் பார்த்தும் அறிதல்

மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் 'லப்-டப்' ஓசை இதயத் தசையின் ஓசை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வால்வுகள் சாத்திக்கொள்ளும்போது எழும் ஓசை. கதவு பழுதானால் இரண்டு ஓசைகளுக்கும் இடையே முணுமுணுப்பு ஒன்று கேட்கும். பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816-ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார். அதிலிருந்து பிறந்ததே ஸ்டெதஸ்கோப். அனுபவமுள்ள மருத்துவர் அந்த ஓசையைக் கொண்டே எந்த வால்வு பழுது என்று கூறிவிட முடியும்.

ஓசையைக் கேட்பதோடு நில்லாமல் வால்வைக் கண்ணால் காணவும் வழி பிறந்தது. சுவீடனில் கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்திலுள்ள விரிசலைக் கண்டறிய மீயொலிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தி வந்தனர். இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் மருத்துவர் இங்கே எட்லரும் 1953-இல் அதே முறையைக் கொண்டு இதயத்தைச் சோதித்தனர். ஈரிதழ் வால்வின் குறுக்கத்தை அறியவே எட்லர் அதனை முதன்மையாகப் பயன்படுத்தினார். இன்று 'எக்கோ' என்று எல்லாரும் அழைக்கும் சோதனை அதுதான். வலியில்லை, கதிர்வீச்சு இல்லை. நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை நகர்த்தினால், வால்வு திறந்து மூடுவது திரையில் தெரியும். பினாங்கு மருத்துவமனையில் இதயவியல் பிரிவும் இதய அறுவைப் பிரிவும் உள்ளன. அண்டை வட மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு அனுப்பப்படுகின்றனர். தலைநகரில் 1992 முதல் தேசிய இதயக் கழகம் இயங்கி வருகிறது.

மாதம் ஓர் ஊசி

வாதக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் சிதைகிறது. ஆகவே அவருக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சதின் பெனிசிலின் ஊசி போடுகின்றனர். இதயம் பாதிக்கப்படாதவர்கள் ஐந்தாண்டுகளுக்கோ 21 வயதுவரையோ, எது நீண்டதோ அதுவரை போட்டுக்கொள்ள வேண்டும். வால்வில் சேதம் எஞ்சியிருந்தால் குறைந்தது பத்தாண்டுகள். பலருக்கு நாற்பது வயதுவரை.

நான்கு வாரத்திற்கு ஒன்று என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று ஊசிகள். பத்தாண்டுகளில் நூற்று முப்பது. மருந்து கெட்டியானது, தசையில் ஆழமாகச் செலுத்த வேண்டும், நன்றாகவே வலிக்கும். உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு, வராத ஒன்றைத் தடுக்க இத்தனை வலியா என்று தோன்றுவது இயல்பே. சோதனைக் காலம் வரும். ஓர் ஊசி தவறும். பள்ளி முடிந்து வேறு மாநிலத்துக் கல்லூரிக்குப் போனதும் பழைய மருந்தகத்தோடு தொடர்பு அறுந்துவிடும். புதிய ஊரில் யாரிடம் கேட்பது என்று தெரியாது. சிலர் கேட்கவும் கூசுவர். அறுவைச் சிகிச்சை, செயற்கை வால்வு என்றெல்லாம் பேசுவது பெரிய மருத்துவமாகத் தோன்றுகிறது. ஆனால் இந்நோயின் போக்கை முடிவு செய்வது பெரும்பாலும் சிற்றூர் மருந்தகத்தில் தாதி ஒருவர் குறித்து வைத்திருக்கும் தேதிதான். ஊர் மாறுவோர் தம் ஊசிப் பதிவை உடன் எடுத்துச் சென்று, புதிய ஊரிலுள்ள மருந்தகத்தில் முதல் வாரத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

கதவைச் சீராக்கலும் மாற்றலும்

மூச்சிரைப்பையும் வீக்கத்தையும் மருந்துகள் தணிக்கும். பழுதான வால்வை அவை திருத்தா. ஒட்டிக்கொண்ட ஈரிதழ் வால்வைத் திறக்க ஜப்பானிய மருத்துவர் கஞ்சி இனோவே 1982-இல் ஒரு வழி கண்டார். தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, வால்வின் நடுவே பலூனை விரித்து, ஒட்டிய இதழ்களைப் பிரிப்பதே அது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. எல்லா வால்வுக்கும் இது பொருந்தாது. கசிவு மிகுந்திருந்தாலோ சுண்ணச்சத்து படிந்திருந்தாலோ அறுவைச் சிகிச்சையே வழி. அறுவையிலும், இயன்றவரை சொந்த வால்வையே தைத்துச் சீராக்க மருத்துவர்கள் முயல்வர். முடியாதபோதுதான் மாற்று வால்வு.

அமெரிக்காவில் லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் செயற்கை இதயம் செய்யும் எண்ணத்துடன் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். முழு இதயத்தை விடுங்கள், முதலில் ஒரு வால்வு செய்வோம் என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். கூண்டுக்குள் ஒரு பந்து. பந்து மேலெழுந்தால் வழி திறக்கும், கீழிறங்கினால் அடைக்கும். 1960-இல் அதனைப் பொருத்திக்கொண்ட ஐம்பத்திரண்டு வயதுக்காரர் பத்தாண்டுகள் நலமாக வாழ்ந்தார். கடைசியில் ஏணியிலிருந்து விழுந்துதான் இறந்தார். வால்வு கடைசிவரை உழைத்தது.

ஆனால் அத்தகைய வால்வுகளின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாததாக இருந்தது. இந்தியாவில் வாத இதய நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். வால்வுகளோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான். உள்நாட்டிலேயே வால்வு செய்துவிடலாம் என்று 1970களில் அவர் முனைந்தபோது, மருத்துவமனையும் பொறியியல் பட்டறையும் ஒரே கழகத்தின்கீழ் இயங்குவது அங்குப் புதுமையாக இருந்தது. மருத்துவர்களும் ஜி.எஸ். புவனேஷ்வர் முதலிய பொறியாளர்களும் ஒன்றாக அமர்ந்து வேலை செய்தனர்.

அவர்கள் தேர்ந்த வடிவம், ஒரு வளையத்திற்குள் சாய்ந்து திறக்கும் வட்டத் தட்டு. சொல்லும்போது எளிது. ஆனால் ஆண்டுக்கு 38 மில்லியன் முறை திறந்து மூடியும் தேயாத, உடையாத, இரத்தத்தை உறையவிடாத பொருள் எது? முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. இன்னொரு மாதிரியில் செயற்கை நீலக்கல்லால் தட்டைச் செய்தனர். அவ்வளவு கடினமான கல்லும் உடைந்தது. மனித உடலுக்குள் அது உடைந்திருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். ஆய்வுக்கூடத்திலும் ஆடுகளிலும் பலகால் சோதித்ததால் அந்த ஆபத்து நேரவில்லை. ஆண்டுகள் கடந்தும் பயன் தராத ஆய்வுக்குப் பணம் எதற்கு என்ற கேள்வி எழுவது எளிது. ஆயினும் பணி நிற்கவில்லை. நான்காவது மாதிரியில் வளையத்தைக் கோபால்ட் கலந்த உலோகத்தாலும் தட்டை ஒருவகை உறுதியான நெகிழியாலும் செய்தனர். நீலக்கல் தோற்ற இடத்தில் நெகிழி தாக்குப்பிடித்தது. 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அது முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் அதன் உற்பத்தியை ஏற்றது. 'சித்ரா வால்வு' என்று அழைக்கப்படும் அது இறக்குமதி வால்வுகளைவிட மிகக் குறைந்த விலையில் கிடைத்தது. இதுவரை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

உலோக வால்வு அன்றி, பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ பதப்படுத்திச் செய்யப்படும் திசு வால்வுகளும் உள்ளன. பல சமயத்தவர் வாழும் பினாங்கு போன்ற இடத்தில், எதிலிருந்து செய்யப்பட்டது என்பதை நோயாளி முன்கூட்டியே கேட்டறிந்து, தம் குடும்பத்தாருடன் கலந்து பேசி முடிவெடுப்பது முறை. திசு வால்வு பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகலாம். இளையோருக்கு இன்னும் விரைவாக. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதற்குத் தனி விலை ஒன்று உண்டு; அதைப் பின்னர்க் காண்போம். முதியோர்க்கு மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. பிரான்சில் ஆலன் கிரிபியே 2002-இல் நெஞ்சைத் திறக்காமல், இரத்தக்குழாய் வழியாகவே புதிய பெருந்தமனி வால்வைக் கொண்டு சேர்த்தார். அறுவையைத் தாங்க முடியாத வயதினருக்கு இன்று மலேசியாவிலும் இம்முறை கைகொடுக்கிறது. செலவுதான் இன்னும் அதிகம்.

வால்வோடு வாழ்தல்

உலோக வால்வு பொருத்தியவர் அமைதியான அறையில் இருந்தால், கைக்கடிகாரத்தைப் போல 'டிக் டிக்' என்ற ஓசை தம் நெஞ்சிலிருந்து வருவதைக் கேட்பார். முதல் சில வாரங்கள் அது உறக்கத்தைக் கெடுக்கும், பிறகு பழகிவிடும். உலோகத்தின் மீது இரத்தம் உறையக்கூடும் என்பதால் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். உலோக வால்வுக்குக் கொடுக்க வேண்டிய விலை இதுதான். மருந்து குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். கூடினால் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியும். கருவில் வளரும் குழந்தைக்கும் இம்மருந்து தீங்கு செய்யும். எனவே தாய்மையை எதிர்நோக்கும் பெண்ணுக்கு எந்த வால்வு என்பதை மருத்துவர்கள் மிகவும் யோசித்தே முடிவு செய்கின்றனர்.

கீரையிலுள்ள 'கே' உயிர்ச்சத்து வார்ஃபரினின் வேலையைக் குறைக்கிறது. அதற்காகக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் கங்கோங் கீரையும் அடுத்த வாரம் ஒன்றுமே இல்லாமலும் இருப்பதுதான் தவறு. அளவு சீராக இருந்தால் போதும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் மூலிகை மருந்துகளும் அதைவிடக் கூடுதல் தொல்லை தருபவை. பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் செயற்கை வால்வு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். ஈறிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் அந்த வால்வில் தங்கிவிடலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் அலகு குத்திக் காவடி எடுக்கும் வழக்கமுடைய குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு இது சற்றுக் கடினமான செய்தியாக இருக்கும். ஒரு சிறு துளையிலிருந்தும் இரத்தம் நிற்காமல் போகலாம், கிருமியும் நுழையலாம். மருத்துவர் அனுமதித்தால் அத்தகையோர் பால்குடம் ஏந்தி நேர்த்திக்கடனைச் செலுத்தலாம். படிகளை ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்பதும் இல்லை.

அரசாங்க மருத்துவமனைகளில் வார்ஃபரின் உட்கொள்வோரை மருந்தாளர்கள் தனியே கண்காணிக்கின்றனர். நோயாளி காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு எண்ணுக்காகக் காத்திருக்கிறார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அந்த எண், பெருந்தமனியில் உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். ஈரிதழ் வால்வை மாற்றியவர்களுக்குச் சற்றுக் கூடுதல். மருந்தாளர் சில கேள்விகள் கேட்பார். மாத்திரை ஏதும் தவறியதா? புதிதாக ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா? ஈறில் இரத்தம் வந்ததா? பதிலைக் கேட்டு அளவைக் கூட்டியோ குறைத்தோ, நோயாளி வைத்திருக்கும் சிறு புத்தகத்தில் எழுதித் தருவார். அடுத்த முறை வர வேண்டிய தேதியும் அதே பக்கத்தில் இருக்கும்.